குடும்பத்தோடு டிங்கி ஓட்டப் போவதென்றால்: கடற்கரை விடுதியா, பள்ளியா, வாடகைப் படகா?

குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறோம், அப்படியே டிங்கி என்கிற சின்னப் பாய்மரப் படகும் ஓட்டிப் பார்க்கலாம் என்று ஒரு ஆசை வந்து தேட ஆரம்பித்தால், அரை மணி நேரத்தில் தலை சுற்றிவிடும். எல்லா விளம்பரத்திலும் அதே நீலத் தண்ணீர், அதே வெள்ளைப் பாய், அதே சிரிக்கும் பிள்ளைகள். எதை வைத்து ஒன்றை எடுப்பது, எதை வைத்து இன்னொன்றைத் தள்ளுவது? நாங்கள் இதை மூன்று முறை செய்துவிட்டோம். முதல் முறை சொதப்பல். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது முறைதான் நாலு பேரும் முகம் சுளிக்காமல் வீடு திரும்பினோம்.

அதனால் இப்போது எந்த இடத்தைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. படகு கவிழ்ந்தால் அடுத்த பத்து நிமிடத்தில் யார் வருவார்கள்? காற்றே வீசாத நாளில் நாங்கள் என்ன செய்வோம்? அறை எப்படி, நீச்சல் குளம் உண்டா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

"கவிழ்ந்தால்" என்று மரியாதைக்குத்தான் சொல்கிறேன், டிங்கி கவிழத்தான் செய்யும். பெரிய பாய்க் கப்பல்களுக்கு அடியில் ஈயமோ இரும்போ வைத்த கனமான கீல் இருக்கும், சாய்ந்தாலும் தலையாட்டிப் பொம்மை மாதிரி தானாக நிமிரும். டிங்கிக்கு அது கிடையாது. நடுவில் ஏற்றி இறக்கும் ஒரு பலகை, பின்னால் ஒரு சுக்கான், ஒரு பாய் அல்லது இரண்டு, அவ்வளவுதான். அதைச் சாயாமல் பிடித்து வைத்திருப்பது உள்ளே உட்கார்ந்திருப்பவரின் உடல் எடை. ஒரு விநாடி தாமதமாக நகர்ந்தாலும் தண்ணீருக்குள்தான். பல வருடம் ஓட்டியவர்களும் விழுவார்கள், சிரித்துக்கொண்டே ஏறுவார்கள். ஆகவே நனைவதே பிடிக்காத ஒருவர் வீட்டில் இருந்தால் அவரை வற்புறுத்தி ஏற்ற வேண்டாம். எங்கள் வீட்டில் அது என் மனைவி.

சரி, தேர்வுகளுக்கு வருவோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தால் நாலு வகைதான். தங்குமிடம், படகு, பயிற்சியாளர் எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கிய கடற்கரை விடுதி; பாய்மரப் படகுப் பள்ளியில் சேர்ந்து நாலைந்து நாள் பயிற்சி; தண்ணீர்க்கரையில் ஒரு வீடு எடுத்துத் தங்கி, தோன்றும்போது மணிக்கணக்கில் படகு வாடகைக்கு எடுப்பது; சொந்தப் படகை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போவது. கேபின் வைத்த பெரிய பாய்க் கப்பலை வாரக் கணக்கில் எடுப்பதையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள், நான் சேர்க்கவில்லை. அதில் டிங்கி என்று இருப்பது பெரும்பாலும் கரைக்குப் போய் வருகிற குட்டி ரப்பர் படகு. அது வேறு விடுமுறை.

முதல் வருடம் நாங்கள் எடுத்தது மணிக்கணக்கு வாடகை. காகிதத்தில் அதுதான் எல்லாவற்றிலும் மலிவு, எல்லாவற்றிலும் சுதந்திரம். அங்கே நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் கேள்வி பிறந்தது அங்கேதான். நான் அதற்கு முன் ஒரு நாலு நாள் பயிற்சி எடுத்திருந்தேன், ஓட்டத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். காலையில் போனால் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது. அலையே இல்லை. பத்து வயது மகனை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். படகு என்னவோ வெண்ணெயில் வழுக்குவது போல அழகாகப் போயிற்று, பத்து நிமிடத்தில் கரை தூரத்தில் தெரிந்தது, இவ்வளவு எளிதா என்று இருந்தது. திரும்பலாம் என்று சுக்கானைத் திருப்பிய பிறகுதான் காற்று முகத்தில் அறைந்தது. அது கரையிலிருந்து தண்ணீரை நோக்கி வீசும் காற்று. கரையோரம் மரமும் மேடும் காற்றை மறைத்திருந்தன, அலை எழும்பத் தண்ணீர்ப் பரப்பு போதவில்லை, அதனால் அங்கே எல்லாம் சாதுவாகத் தெரிந்தது. தள்ளிப் போகப் போகத்தான் அதன் குணம் தெரிகிறது.

பாய்மரப் படகு காற்றை எதிர்த்து நேராகப் போகாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில் ஒரு பக்கம், பிறகு திருப்பி மறு பக்கம் என்று வளைந்து வளைந்துதான் வர வேண்டும். பத்து நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பி வர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு முறை கவிழ்ந்தோம். மகனின் உதடு நீலம் பாரித்துவிட்டது. படகுக்காரர் கரையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார், எதற்கு என்று இன்றுவரை தெரியாது. அவரிடம் இருந்த ஒரே இயந்திரப் படகு அன்றைக்குப் பழுது. அதை முன்னாலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

இதனால் வாடகைப் படகே கூடாது என்று சொல்லவில்லை. உங்களில் ஒருவருக்கு உண்மையிலேயே ஓட்டத் தெரிந்திருந்து, சின்ன ஏரியாகவும் இருந்து, காற்று கரையை நோக்கி வீசுகிற நாளாகவும் இருந்தால் அதைப் போலச் சுகம் இல்லை. கரை நோக்கி வீசினால் எது கெட்டாலும் காற்றே கொண்டுவந்து கரையில் சேர்த்துவிடும். கிளம்பும்போது கொஞ்சம் போராட வேண்டியிருக்கும், பரவாயில்லை. கரையோரம் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும். கொடி தண்ணீரைக் காட்டினால், மீட்புப் படகு இல்லாத இடத்தில் நான் இனி ஏற மாட்டேன்.

கடற்கரை விடுதிகளின் பெரிய பலமே இந்த மீட்புப் படகுதான். நல்ல விடுதியில் ஒரு எல்லை போட்டிருப்பார்கள், இந்த மிதவைக்கும் அந்த மிதவைக்கும் நடுவில் மட்டும் ஓட்டு என்று. பாய் மேலே இருக்கும் நேரம் முழுக்க ஒருவர் இயந்திரப் படகில் சுற்றிக்கொண்டே இருப்பார். கவிழ்ந்து தடுமாறினால் இரண்டு மூன்று நிமிடத்தில் பக்கத்தில் நிற்பார். படகுகளைக் கட்டிக் கழற்றி வைக்கிற வேலையும் இல்லை, கரைக்கு வந்ததும் யாரோ இழுத்துக் கட்டிவிடுவார்கள். சோம்பேறித்தனமான சொகுசு என்று நண்பர் ஒருவர் கிண்டல் செய்வார். இரண்டு பிள்ளைகளோடு போகிறவனுக்கு அந்தச் சொகுசு தேவைதான்.

ஆனால் அதிலும் ஒரு சங்கடம் உண்டு, அது காற்றின் நேர அட்டவணை. வெயில் ஏற ஏறத் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாகச் சூடாகிறது. தரை மேல் இருக்கும் சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பள்ளியில் படித்த அதே கடற்காற்றுதான். முற்பகலின் கடைசியில் ஆரம்பித்து, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், சாயங்காலம் அடங்கும். அதனால் கற்றுக்குட்டிகளைக் காலையில் இறக்குவார்கள், தெரிந்தவர்கள் பிற்பகலில் போவார்கள். கிரேக்கத்தின் லெஃப்காடா தீவில் வாசிலிகி என்ற விரிகுடா பெயர் பெற்றதே இதனால்தான்: காலையில் குழந்தைக்கும் பயமில்லாத மெல்லிய காற்று, பிற்பகலில் பக்கவாட்டில் இறங்கும் பலத்த காற்று. இத்தாலியின் கார்டா ஏரியின் வட பகுதியில் இது இன்னும் வேடிக்கை. விடியற்காலையில் வடக்கிலிருந்து பெலெர், மதியத்திலிருந்து தெற்கிலிருந்து ஓரா என்று ஒரு நாளில் இரண்டு காற்று, இரண்டுக்கும் தனித் தனிப் பெயர். இந்த அட்டவணைப்படி பிள்ளைகள் காலையிலும் நீங்கள் மதியத்திலும் தண்ணீரில் இருந்தால், வாரம் முழுக்க எல்லோரும் சேர்ந்து படகில் உட்கார்ந்தது ஒரு மணி நேரம் கூடத் தேறாது. குடும்ப விடுமுறை என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. எங்கள் இரண்டாம் வருடம் அப்படித்தான் போயிற்று. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நாங்கள் இருவரும் அவர்களைச் சாப்பாட்டு மேசையில் மட்டும் பார்த்தோம்.

பள்ளிக்குப் போவதென்றால் விடுமுறை என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். பிரிட்டனின் ராயல் யாட்டிங் அசோசியேஷன் வகுத்த பாடத்திட்டத்தைப் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அதில் பெரியவர்களுக்கு முதல் நிலை இரண்டு நாள், இரண்டாம் நிலை இன்னும் இரண்டு நாள், ஆக நாலு நாளில் லேசான காற்றில் தனியாகப் போய்த் திரும்புகிற அளவுக்கு வரலாம். பிள்ளைகளுக்குத் தனியாக நாலு கட்டம். முழு நாளும் ஓட்டினால் சாயங்காலம் கை விரல் மடங்காது, முட்டியெல்லாம் கன்றிப்போயிருக்கும், எட்டு மணிக்குத் தூக்கம் வரும். ஆனால் என் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் வேறெங்கும் இல்லை, ஏனென்றால் கவிழ்வதையே இங்கே பாடமாக நடத்துகிறார்கள்.

அந்தப் பாடத்தை என் மகள் செய்ததைக் கரையிலிருந்து பார்த்தேன். பயிற்சியாளர் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்தார். இவள் தலை மூழ்கி, துப்பிக்கொண்டே மேலே வந்தாள். முதல் வேலை, பாயைப் பிடித்திருக்கும் கயிற்றை அவிழ்த்து விட்டாள், இல்லையென்றால் நிமிர்ந்த படகு மறுபடி காற்றைப் பிடித்துக் கவிழும். படகை விடாமல் கையால் பிடித்துக்கொண்டே சுற்றி அடிப்பக்கம் வந்தாள். வெளியே துருத்திக்கொண்டிருந்த நடுப்பலகையில் வயிற்றை வைத்து ஏறி, நின்று, விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு வாங்க அப்படியே சாய்ந்தபடி இருந்தாள். பாய் மெதுவாகத் தண்ணீரை விட்டு வெளிவந்தது, அப்புறம் ஒரே தூக்கு. உள்ளே ஏறி உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலைக் காட்டினாள். அன்றைக்குப் பிறகு அவளுக்குப் பயம் இல்லை, எனக்கும் பாதி போயிற்று. விடுதியில் ஒரு வாரம் யாரோ வந்து தூக்கிவிட்டே பழகிய மகனுக்கு இந்தத் தைரியம் வர இன்னொரு வருடம் ஆயிற்று.

சொந்தப் படகு பற்றி நான் அதிகம் பேச முடியாது, எங்களிடம் இல்லை. வைத்திருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பாய்மரத்தை நிறுத்தி, கம்பிகளை இழுத்துக் கட்டி, சுக்கானை மாட்டி, தண்ணீரில் இறக்க முதல் நாள் அரைப் பொழுது, கடைசி நாள் இன்னொரு அரைப் பொழுது. மீட்புப் படகும் நீங்களேதான். ஐந்தாறு வருடம் ஓட்டிய குடும்பத்துக்குச் சரி.

ஏரியா கடலா என்பது இந்த நாலு வகைக்கும் குறுக்கே ஓடுகிற கேள்வி. ஏரி என்றால் உப்பு இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை, எந்தப் பக்கம் அடித்துக்கொண்டு போனாலும் ஏதோ ஒரு கரை. இதெல்லாம் லாபம். நஷ்டம், மலையும் மரமும் சூழ்ந்த ஏரியில் காற்று திக்குத் திசை இல்லாமல் வரும், ஐந்து நிமிடம் ஓய்ந்திருந்துவிட்டுத் திடீரென ஒரு குத்து விடும், கற்றுக்கொள்கிறவர்களுக்கு அது எரிச்சல். கடலில் காற்று ஒரே சீராக இருக்கும், ஆனால் அலை உண்டு, நீரோட்டம் உண்டு. பல இடங்களில் ஓதம் ஆறு மணி நேரம் ஏறி ஆறு மணி நேரம் இறங்கும், இறங்கும் ஆறு மணி நேரத்தில் நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில்தான் தண்ணீரில் பாதி ஓடிவிடும். அந்த நேரத்தில் குறுகிய வாயுள்ள காயலில் மெல்லிய காற்றோடு மாட்டினால் படகு முன்னே போவது போலத் தெரியும், கரையோ பின்னால் நகராது. ஏரித் தண்ணீர் வேறு குளிர்ந்து கிடக்கும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சும் என்பார்கள், வெயில் அடிக்கிறதே என்று பனியனோடு இறங்கக் கூடாது. வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடுப்பு) வாடகைக் கட்டணத்தில் அடங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால், முதல் தடவைக்கு என் ஓட்டு ஏரிக்கே.

காற்றின் வேகத்தை நாட் என்ற அளவில் சொல்வார்கள், ஒரு நாட் மணிக்கு ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர். 7 முதல் 10 நாட் வரை போஃபர்ட் என்ற காற்று அளவுகோலில் மூன்றாம் எண் காற்று, இலையும் சின்னக் குச்சியும் ஓயாமல் ஆடும், சிறு கொடி விரிந்து பறக்கும், கற்றுக்கொள்ள அருமையான காற்று. 11 முதல் 16 வரை நாலாம் எண், புழுதியும் காகிதமும் பறக்கும், தண்ணீரில் அங்கங்கே வெள்ளை நுரை. எட்டிலிருந்து பதினாறு என்றால் இரண்டு மடங்குதானே என்று தோன்றும். பாயில் விழும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது நாலு மடங்கு. "எங்களிடம் எப்போதும் நல்ல காற்று" என்று பெருமையாக எழுதியிருக்கும் இடம் உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நல்ல இடமா என்பது வேறு கேள்வி.

படகைப் பற்றியும் கேட்க வேண்டும், ஏனென்றால் "பல வகைப் படகுகள்" என்று எழுதிவிட்டு, போய்ப் பார்த்தால் பெரியவர்களுக்கானவை மட்டும் இருக்கும். ஆப்டிமிஸ்ட் 1947இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் பிள்ளைகளுக்கென்றே வரைந்த சப்பை மூக்குப் படகு, எட்டடிக்கும் குறைவு, உடல் 35 கிலோ. போட்டிகளில் 15 வயது வரை ஓட்டுகிறார்கள். தனியாகச் சுக்கான் பிடிக்க விரும்பும் குழந்தைக்கு அதுதான். லேசர் ஒருவர் ஓட்டும் படகு, ஒரே உடலுக்கு 4.7, 5.76, 7.06 சதுர மீட்டர் என்று மூன்று அளவில் பாய் மாட்டலாம், ஆகவே சின்னப் பாய் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரிய பாயை ஒல்லியான பதினாலு வயதுப் பையனுக்குக் கொடுத்தால் நாள் முழுக்க நீச்சல்தான். ஆர்எஸ் ஃபீவா இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஓட்டுவது, சண்டைக்கும் உத்தரவாதம். எல்லோரும் ஒன்றாகப் போக வேஃபேரர் மாதிரி நீளமான, அகலமான படகு, இரண்டு பெரியவர்களும் இரண்டு பிள்ளைகளும் தாராளமாக உட்காரலாம். இந்தப் படகிலேயே ஃபிராங்க் டை என்பவர் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போயிருக்கிறார். அவ்வளவு நம்பகமான படகுதான், ஆனால் உடல் மட்டும் ஏறக்குறைய 170 கிலோ, கவிழ்ந்தால் பெரியவர் ஒருவராவது தெம்பாக இருக்க வேண்டும்.

மிதவை உடுப்பிலும் ஒரு வித்தியாசம் உண்டு. டிங்கிக்குத் தருவது பெரும்பாலும் 50 நியூட்டன் வகை, கை கால் வீசி நீந்தவும் படகில் ஏறவும் வசதி, ஆனால் மயங்கியவரை மல்லாக்கத் திருப்பாது. பக்கத்தில் உதவி இருக்கும் இடத்துக்கென்று செய்தது. 150 நியூட்டன் வகை திருப்பும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு டிங்கியில் நெளிய முடியாது. ஆக 50 நியூட்டன் உடுப்பைத் தருகிற இடத்தில் மீட்புப் படகும் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி, காற்று இல்லாத நாள். ஏழு நாளில் ஒன்றிரண்டு இப்படி நிச்சயம் வரும், பாய் துணி காயப்போட்டது போலத் தொங்கும். பலத்த காற்றால் யாரையும் இறக்காத நாளும் வரும். பள்ளியில் அன்று முடிச்சுப் போடச் சொல்லித் தருவார்கள், பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் போகும். விடுதியில் வேறு விளையாட்டு இருக்கும். தனி வீட்டில் எதுவும் இருக்காது, நீங்கள்தான் யோசிக்க வேண்டும். அதனால் பயிற்சியை வாரத்தின் முதல் நாட்களிலேயே போட்டுவிடுங்கள், ஒரு நாள் போனாலும் பின்னால் ஈடுகட்ட இடம் இருக்கும். இந்த நாளைக் கரையில் உட்காரும் ஆளோடு சேர்த்துப் பாருங்கள். என் மனைவிக்கு வேண்டியது நிழல், நடக்க ஒரு பாதை, தண்ணீரில் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரிகிற ஒரு இடம். முதல் வருட இடத்தில் மூன்றும் இல்லை. மூன்று மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள், அந்தக் கணக்கு வீட்டுக்கு வந்தும் தீரவில்லை.

மூன்றாம் வருடம் நாங்கள் செய்தது இரண்டையும் கலந்த ஒன்று: ஏரிக்கரையில் வீடு, நடக்கும் தூரத்தில் பள்ளி, காலையில் மட்டும் பயிற்சி, பிற்பகலில் அதே பள்ளியிடம் பெரிய படகு ஒன்றை வாடகைக்கு வாங்கி, அவர்களுடைய மீட்புப் படகு சுற்றும் நேரத்துக்குள் நாங்கள் நாலு பேரும். விடுதியைவிட ஏற்பாட்டு வேலை அதிகம், தொலைபேசியில் பலமுறை பேச வேண்டியிருந்தது. அரை நாள் பயிற்சி தர எல்லாப் பள்ளியும் ஒத்துக்கொள்வதில்லை. பிள்ளைகளோடு முதல் முறை போகும் எவருக்கும் நான் இதைத்தான் சொல்வேன், இது கிடைக்காவிட்டால் மீட்புப் படகு உள்ள விடுதி, வெறும் வாடகைப் படகு கடைசியில்தான்.

முன்பணம் கட்டுவதற்கு முன் எழுதிக் கேட்டு வாங்க வேண்டிய பதில்கள் சில. மீட்புப் படகு எத்தனை, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பிள்ளைகள். குறைந்தபட்ச வயது எது, எட்டு என்றால் ஏழரை வயதுக்காரன் என்ன செய்வான். காற்றில்லாமல் போன வகுப்புக்கு மாற்று உண்டா. பயணக் காப்பீட்டில் பாய்மரப் படகு அடங்குமா என்பதை மட்டும் காப்பீட்டுக்காரரிடம் கேளுங்கள், பல திட்டங்களில் சின்ன எழுத்தில் விலக்கியிருப்பார்கள்.

இந்த வருடம் மகன் பதினாலு, மகள் பன்னிரண்டு. ஃபீவா வேண்டும் என்கிறார்கள் இரண்டு பேரும், யார் சுக்கான் என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. அதே ஏரிதான், தேதி வாங்கியாகிவிட்டது. மனைவி ஒருநாள் படகில் ஏறிப் பார்க்கிறேன் என்கிறாள், காற்று எவ்வளவு என்று கேட்டுவிட்டு.